அக்கரையில் யாருங்க?

“என் சம்சாரம் மறுபடியும் என்னைக் கேள்வி கேக்கணுமுங்க. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க” என்றார் சென்னியப்பன்.

அம்மா பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அடியில் தார் பூசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“என்ன கேள்வி?”

“‘ஏனுங்க, சாப்பிட்டீங்களா’ன்னுங்க.”

தார் பூசிய கை கொஞ்சம் நின்றது.

“இதுக்கா இத்தனை தூரம் ஆத்தைத் தாண்டி வந்தீங்க?”

“ஆமாங்க.”

சிரிக்காதீர்கள். அந்த மனிதர் அதற்குத்தான் வந்திருந்தார்.

ஆற்றின் நடுவில் ஒரு மணல் திட்டு. திட்டில் நாலு புங்க மரம், இரண்டு கூரை, ஒரு பரிசல். மார்கழி பிறந்துவிட்டால் அங்கே விடிவதே தெரியாது. பனி வந்து ஆற்றை முழுங்கிவிடும். தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும், தண்ணீரைக் காணாது. அந்தத் திட்டில் இருந்தவளுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். பேர் என்னவோ, யாருக்கும் தெரியாது. மனக்குறையோடு வழி கேட்டு வருகிற எல்லாருக்கும் அம்மா. சென்னியப்பனுக்கு அறுபத்தெட்டு. அவருக்கும் அம்மாதான்.

“கேக்கறதை ஏன் நிறுத்தினாங்க?” என்று அம்மா கேட்டாள்.

“அவளுக்கு மறதி நோயிங்க. மூணு வருஷமா. எல்லாம் மறந்து போச்சு, இந்த ஒரு கேள்வி மட்டும் மறக்கலை. கேப்பா. ‘சாப்பிட்டாச்சு’ம்பேன். தண்ணி குடிச்சுட்டு வந்து மறுபடியும் கேப்பா. ஒருநாள் எண்ணிப் பாத்தேனுங்க. நாப்பத்தோரு தடவை.”

“எண்ணினீங்களா?”

“என் தொழில் அப்படிங்க.”

ஈரோட்டில் ஒரு அச்சகத்தில் முப்பத்தெட்டு வருஷம் புரூஃப் பார்த்தவர் சென்னியப்பன். ஒரே வரியில் ஒரு சொல் இரண்டு தடவை வந்திருந்தால் போதும், சிவப்புப் பேனா தானாக இறங்கும். பெரிய பெரிய எழுத்தாளர்களெல்லாம் அந்தப் பேனாவுக்குப் பயந்தார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார். ‘வந்தது மறுபடி வரக் கூடாது’ என்பது அவர் தொழிலில் வேதம்.

“அப்புறம்?”

“ஒரு அட்டையில எழுதி அவ கட்டிலுக்கு எதிர்ச் சுவத்துல மாட்டினேனுங்க. கேட்டா வாயைத் திறக்கமாட்டேன். அட்டையைக் கை காட்டுவேன். அவ படிப்பா. பத்தொம்பது நாள் இப்படியே ஓடுச்சு. இருபதாம் நாள் வாயைத் திறந்தா. அட்டையைப் பாத்தா. மூடிக்கிட்டா. அன்னைக்கோட பேச்சு நின்னுபோச்சுங்க. மூணு மாசமாச்சு. ஒரு சொல் இல்லை.”

“டாக்டரு?”

“‘இந்த நோயில அப்படியும் ஆகும்’னாரு. ஆனா எனக்குத் தெரியுமுங்க, அது நோயில்லை. அந்த அட்டைதான்.”

மனுஷன் வாய்விட்டு அழுதிருந்தால் தேவலை. அழவில்லை.

“அட்டை எங்கே?”

சட்டைப் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தார். முத்து முத்தான கையெழுத்து. ‘சாப்பிட்டாச்சு.’ முடிவில் ஒரு முற்றுப்புள்ளி வேறு.

அம்மா அதை வாங்கினாள். பின்பக்கம் ஒரு சொட்டுத் தார் வைத்தாள். கூரையின் மூங்கில் காலில் அழுத்தி ஒட்டினாள்.

“இங்கே ஒரு வேலை இருக்குது, ஐயா. செய்வீங்களா?”

“என் கேள்விக்குப் பதிலுங்க?”

“வேலை இருக்குது” என்றாள் அம்மா மறுபடியும்.

*

வேலை என்ன பெரிய வேலை. கூப்பிடுகிற வேலை.

பனியில் அக்கரை தெரியாது. அங்கே யாராவது வந்து நின்றால், துறைக் கல்லை ஒரு கூழாங்கல்லால் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். சத்தம் கேட்டதும் திட்டில் இருந்து கூப்பிட வேண்டும்.

“அக்கரையில் யாருங்க? என்ன கொண்டு வந்தீங்க?”

வந்தவர் பேர் சொல்ல வேண்டும். கொண்டு வந்ததைச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் பரிசல் போகும். கேட்காமல் யாரையும் ஏற்றக் கூடாது. கேட்கப்படாமல் யாரும் ஏறவும் மாட்டார்கள். இந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தினது என்று விசாரித்தால், அந்தப் பக்கத்து ஜனங்கள் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

சென்னியப்பன் வந்த அன்றும் பனிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் இப்படித்தான் கேட்டது. அவரும் சொன்னார்: “சென்னியப்பனுங்க. ஒரு கேள்வி கொண்டு வந்தேனுங்க.” மற்றவர்கள் வாழைப்பழம் கொண்டு வருவார்கள்.

சின்ன வயதில் பவானியில் பரிசல் ஓட்டிப் பழகிய கை. இரண்டே நாளில் துடுப்பு வசப்பட்டுவிட்டது. கூப்பிடுவதும் அவரே, போய்க் கூட்டிவருவதும் அவரே என்று ஆனது.

யார் வருவார்கள் அந்தக் குளிரில்? ஒரே ஒருத்திதான் தினமும் வருவாள். பால்காரி நாச்சாயி.

டக், டக்.

“அக்கரையில் யாருங்க? என்ன கொண்டு வந்தீங்க?”

“நாச்சாயிங்க. பால் கொண்டு வந்தேனுங்க.”

மறுநாள்.

“அக்கரையில் யாருங்க? என்ன கொண்டு வந்தீங்க?”

“நாச்சாயிங்க. பால் கொண்டு வந்தேனுங்க.”

அதற்கும் மறுநாள் அதே தட்டு, அதே கேள்வி, அதே நாச்சாயி, அதே பால். சென்னியப்பனின் விரல்கள் இல்லாத சிவப்புப் பேனாவைத் தேடின.

ஒன்பதாம் நாள் அம்மாவிடம் போய் நின்றார்.

“வர்றது நாச்சாயின்னு எனக்குத் தெரியுதுங்க. பாலுன்னும் தெரியுது. நான் கேப்பேன்னு அவளுக்கும் தெரியுது. அப்புறம் எதுக்குங்க மறுபடியும் மறுபடியும்?”

“இன்னைக்குக் கேட்டீங்களா?”

“கேட்டேனுங்க.”

“சரி” என்று அம்மா பால் காய்ச்சப் போய்விட்டாள்.

இதற்குப் பேர் பதிலா? சென்னியப்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனாலும் போகவில்லை. போனால் அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே அவர் சம்சாரம் பாவாத்தாள் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவள் தங்கை தெய்வானை சோறு ஊட்டுவாள். வாங்கிக்கொள்வாள். அவ்வளவுதான். கடிகாரம் நகர்வதுகூடக் கேட்கும் அந்த வீட்டில்.

சில விடியலில் ஒன்று நடக்கும். அவர் கூப்பிட்ட குரல் பனிக்குள் போகும். போன குரல் திரும்பி வரும்போது அவருடையதாக இருக்காது. கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் இழுத்து, ‘ஏனுங்க’ என்று ஆரம்பிக்கிற குரலாக இருக்கும். துடுப்பைப் பிடித்தபடி அப்படியே நிற்பார். பனி முகத்தை ஈரமாக்கிவிட்டுப் போகும். அப்புறம் பார்த்தால் வெறும் ஆறு.

அது கனவா நனவா என்று என்னைக் கேட்காதீர்கள். அவருக்கே தெரியாது.

*

இருபத்திரண்டாம் நாள்.

டக், டக்.

சென்னியப்பன் வாயைத் திறந்தார். ‘நாச்சாயிதானே, பால்தானே’ என்று நினைத்தார். மூடிக்கொண்டார்.

கேட்காமலே பரிசலைத் தள்ளிக்கொண்டு போனார்.

அக்கரையில் நாச்சாயி துறைக் கல்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் பால் தூக்குப் போசி. அதன்மேல் ஒரு புதுத் துணியை மூடிக் கட்டியிருந்தாள்.

“ஏறு, நாச்சாயி.”

அவள் எழவில்லை.

“நீங்க கூப்பிடலீங்களே.”

“அதான் நானே வந்துட்டேனே.”

“கேக்கலீங்களே.”

“என்னத்தைக் கேக்கறது? தினமும் கேக்கறதுதானே? தினமும் சொல்றதுதானே?”

நாச்சாயி அவரைப் பார்த்தாள். பிறகு போசியைப் பார்த்தாள்.

“வர்றியா, இல்லையா?”

“நீங்க போங்க, ஐயா.”

இவளுக்கு இருக்கிற ராங்கியைப் பார் என்று அவருக்கு எரிச்சல். வெறும் பரிசலைத் திருப்பிக்கொண்டு வந்தார். அம்மாவிடம் சொன்னார்: “நாச்சாயி வரமாட்டேங்கறாளுங்க.”

அம்மா அடுப்பை அணைத்தாள். பாலில்லாத நாளில் அடுப்புக்கு என்ன வேலை.

வெயில் ஏறியது. பனி மெல்ல மெல்லக் கலைந்தது. முதலில் தண்ணீர் தெரிந்தது. பிறகு அக்கரை நாணல். உச்சிக்கு வெயில் வந்தபோது துறைக் கல்லும் தெரிந்தது.

நாச்சாயி அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

காலையில் இருந்து ஆறு மணி நேரம். அந்தப் பெண்பிள்ளை வீட்டுக்கும் போகவில்லை, ஆற்றைத் தாண்டவும் இல்லை. சென்னியப்பன் தண்ணீரோரம் ஓடி வந்து நின்றார். ஆள் தெரிகிறது. போசிகூடத் தெரிகிறது. ஆனாலும் கூப்பிட்டார்.

“அக்கரையில் யாருங்க? என்ன கொண்டு வந்தீங்க?”

நாச்சாயி எழுந்து நின்றாள். சேலையைச் சரி பண்ணிக்கொண்டாள்.

“நாச்சாயிங்க” என்று அவள் குரல் வந்தது. “சீம்பால் கொண்டு வந்தேனுங்க.”

சென்னியப்பன் பரிசலை எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. போய்ச் சேர்ந்தார். அவள் ஏறினாள். பரிசல் பாதி ஆறு வந்திருந்தது.

“கன்னு போட்டிருக்குதா?” என்று கேட்டார்.

“ராத்திரிங்க. இதுக்கு முந்தி ரெண்டு கன்னு தங்கலை. ரெண்டும் வயித்துலயே போயிருச்சு. இது எந்திரிச்சு நின்னு பால் குடிச்சுதுங்க.”

“காலையிலயே சொல்லியிருக்கலாமே, நாச்சாயி.”

“நீங்க கேப்பீங்க, சொல்லலாமுன்னு வந்தேனுங்க. வழி நெடுக சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். ‘நாச்சாயிங்க, சீம்பாலுங்க’ன்னு. நல்லாச் சத்தமாச் சொல்லோணுமுன்னு இருந்தேன்.”

துணியை அவிழ்த்து மூடியைத் திறந்தாள். புளித்த வாடை அடித்தது. வெயிலில் கெட்டுத் திரிந்து போயிருந்தது.

“பரவால்லீங்க” என்று ஆற்றில் கவிழ்த்தாள். “மீனு குடிக்கட்டும்.”

மஞ்சள் கட்டிகள் தண்ணீரில் கொஞ்ச தூரம் மிதந்து போயின. அவள் கோபப்பட்டுத் திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

திட்டில் இறங்கியதும் நேரே அம்மாவிடம் போனார். மேல்மூச்சு வாங்கியது.

“அம்மா, என் பாவாத்தாள் மறுபடியும் கேப்பாளாங்க? சொல்லுங்க. என்ன செஞ்சா கேப்பா?”

அம்மா வாயைத் திறக்கவில்லை. மூங்கில் காலைக் கை காட்டினாள்.

‘சாப்பிட்டாச்சு.’

“அம்மா, நான் கேக்கறதுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

அம்மா மறுபடியும் அட்டையைக் கை காட்டினாள்.

அவர் படித்தார். அவருடைய கையெழுத்து. ஒரு பிழை இல்லை. முப்பத்தெட்டு வருஷம் புரூஃப் பார்த்த கண்ணுக்கு அதில் திருத்த ஒன்றுமே கிடைக்கவில்லை. படித்துவிட்டுத் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் அவரைப் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் தடவை கேட்க வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மூடிக்கொண்டார்.

அப்போதுதான் அவர் அழுதார். நாச்சாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போகும்போது அட்டையைப் பிய்க்கப் பார்த்தார். தார் விடவில்லை.

“விடுங்க, ஐயா” என்றாள் அம்மா. “மழை வந்தா அதுவே போயிரும்.”

*

வீட்டுக்கு வந்தபோது பாவாத்தாள் ஜன்னலோரம்தான் இருந்தாள். சுவரில் அட்டை இருந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. அவள் அந்த வெளுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா அப்படியேதான் இருக்குறா, மாமா” என்றாள் தெய்வானை.

சென்னியப்பன் பாவாத்தாள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

“பாவாத்தா, சாப்பிட்டியா?”

அவள் வெளுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். வந்து உட்கார்ந்தார்.

“பாவாத்தா, சாப்பிட்டியா?”

தெய்வானை முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் பொறுத்துக்கொண்டாள். நாலாம் நாள் அடுப்படியில் இருந்து தலையை நீட்டினாள்.

“இப்பத்தானே மாமா கேட்டீங்க? மறுபடியும் எதுக்கு?”

“முன்னாடி கேட்டது போயிருச்சு, தெய்வானை.”

“ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் கேப்பீங்க?”

“தெரியலை. எண்ணலை.”

அவளும் என்ன செய்வாள் பாவம். அக்காவுக்கு வந்தது மாமாவுக்கும் தொற்றிக்கொண்டதோ என்று ஊருக்குப் போன் பண்ணி அழுதாள்.

தை பிறந்தது. பனி கொஞ்சம் குறைந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சில நாள் அவள் கண் அவர் பக்கம் வரும். வந்து, முகத்தில் தங்காமல், தாண்டிப் போய்விடும். அப்போதெல்லாம் அவருக்கு அந்த ஆறு ஞாபகம் வரும். நடுவில் பனி. அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். மடியில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று இங்கே இருந்து தெரியாது.

ஒருநாள் காலை. தட்டில் இரண்டு இட்டிலியும் கொஞ்சம் சர்க்கரையும் வைத்து எடுத்துக்கொண்டு அறையின் வாசற்படியில் கால் வைத்தார். பாவாத்தாள் திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவை கண் அவரைத் தாண்டிப் போகவில்லை. முகத்தில் நின்றது. உதடு அசைந்தது.

“யாருங்க நீங்க?”

கரண்டி விழுந்த சத்தம் அடுப்படியில் கேட்டது. தெய்வானை வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? மாமா இதைத் தாங்கமாட்டார் என்று அவள் பயந்தாள்.

சென்னியப்பன் படியிலேயே நின்றார். தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“சென்னியப்பனுங்க” என்றார். நல்ல சத்தமாகச் சொன்னார். “இட்டிலி கொண்டு வந்தேனுங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவர் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

பாவாத்தாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பக்கத்தில் இருந்த நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து, உட்கார இடம் பண்ணினாள்.

“வாங்க, உட்காருங்க.”

உட்கார்ந்தார்.

“நீங்க சாப்பிட்டீங்களா?”

சென்னியப்பனுக்குப் பதில் தெரியும். நாற்பத்தோரு தடவை ஒரே நாளில் சொன்ன பதில். முத்து முத்தாக எழுதி முற்றுப்புள்ளி வைத்த பதில்.

“இன்னும் இல்லீங்க” என்றார்.

அவள் ஒரு இட்டிலியைப் பிட்டு அவர் பக்கம் தள்ளினாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். சர்க்கரை அவள் உதட்டோரம் ஒட்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளில் போனார்கள். அவள் அதைப் பார்த்தாள். வேப்ப மரத்தைப் பார்த்தாள். சுவரில் இருந்த வெளுப்பைப் பார்த்தாள். பிறகு திரும்பி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பார்த்தாள்.

“யாருங்க நீங்க?”

அவர் எழுந்தார். வாசற்படிக்கு வெளியே போனார். நிலையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“சென்னியப்பனுங்க.”